மயோனைஸுக்கு எந்த எண்ணெய், குழம்புக்கு எந்த எண்ணெய்

2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷத்துக்கு பச்சை முட்டை மயோனைஸை செய்யக்கூடாது, வச்சிருக்கக்கூடாது, விக்கக்கூடாதுன்னு தமிழ்நாட்ல தடை போட்டாங்கல்ல, அந்தச் செய்தி வந்த அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல பெரிய பஞ்சாயத்து. பெரியவன் அப்ப பத்தாவது, கிரில் சிக்கன் வாங்குனா அந்த வெள்ளை மயோனைஸ் இல்லாம கோழியைத் தொடவே மாட்டான். சரி, வீட்லயே செஞ்சு தரேன்டான்னு வாய் விட்டுட்டேன். பச்சை முட்டை வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஏன்னா கடையில போட்டா சால்மோனெல்லா வரும், வீட்ல போட்டா வராதுன்னு ஒண்ணும் கிடையாது, கிருமிக்கு கடை என்ன வீடு என்ன. அதனால அவிச்ச முட்டை, இல்லாட்டி பால். முட்டை விஷயம் அதோட முடிஞ்சுது. நான் மாட்டிக்கிட்டது எண்ணெய்லதான்.

எங்க ஊர் விருதுநகர். அப்பா அங்க ஒரு எண்ணெய் மண்டியில முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு எழுதுனவங்க. நாங்க சின்னப்புள்ளையா இருக்கும்போது அவங்க சட்டையில கடலெண்ணெய் வாசம் துவைச்சாலும் போகாது. 15 கிலோ டின்னுல நல்லெண்ணெய் என்ன விலை, பாமாயில் என்ன விலைன்னு காலையில பேப்பர்ல மார்க்கெட் நிலவரம் பாத்துட்டுதான் காப்பி குடிப்பாங்க. எண்ணெயை உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு, இன்னொரு கையால சூடு வர்ற வரைக்கும் தேச்சு, மோந்து பாத்துட்டு, இது பழைய சரக்கு, இதுல காறல் ஏறிடுச்சுன்னு சொல்லிருவாங்க. அவங்க பொண்ணு நான், எண்ணெய் பத்தி எனக்குத் தெரியும்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். ஆனா குழம்புலயும் பொரியல்லயும் புளி, மிளகாய், பூண்டு, தாளிப்புன்னு ஆயிரம் இருக்கு, எண்ணெய் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். மயோனைஸ்ல பாதிக்கு மேல எண்ணெய்தான், கடை மயோனைஸ்ல சிலது நூத்துக்கு எழுபது எண்பது கூட போகும், அதுவும் சூடே பண்ணாத எண்ணெய். நல்ல எண்ணெய்னா அதுல தெரியும், சுமாரான எண்ணெய்னாலும் அதுல தெரியும்.

முதல்ல கையில இருந்தது மரச்செக்கு கடலெண்ணெய், அதையே ஊத்துனேன். நல்லா கெட்டியா திரண்டு வந்துச்சு, ஆனா வாயில வச்சா பச்சைக் கடலையை மென்ன மாதிரி ஒரு வாடை, பையன் ஒரு வாய்க்கு மேல சாப்பிடல. மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சேன், ரெண்டாம் நாள் ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்குது.

அடுத்தது தேங்காய் எண்ணெய். அதுக்கு நான் ரொம்ப ஆசைப்பட்டேன், ஏன்னா செஞ்ச உடனே அது அவ்வளவு அருமையா இருந்துச்சு, லேசா இனிப்பா, பூண்டோட சேந்து ஒரு வாசம். நாங்க இப்ப இருக்கிற மதுரை வெயில்ல தேங்காய் எண்ணெய் தண்ணி மாதிரி ஓடும், அதனால அது இறுகுற எண்ணெய்ங்கிறதே மறந்துபோச்சு. 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைய ஆரம்பிக்கும், ஃப்ரிட்ஜ்ல 4, 5 டிகிரி. ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா கரண்டி இறங்கல, வெளிய வச்சு இளகவிட்டா மொத்தமும் திரிஞ்ச பால் மாதிரி ஆயிடுச்சு.

இங்க கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இது புரிஞ்சதுக்கு அப்புறம்தான் எனக்கு மத்தது எல்லாம் வசமாச்சு. எண்ணெயும் தண்ணியும் சேராது. மஞ்சக்கருவுல இருக்கிற லெசித்தினும் புரதமும், பால்ல செஞ்சா பால் புரதமும், ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுத்தி ஒரு சட்டை மாதிரி போட்டுக்கும், அதனாலதான் துளிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம எலுமிச்சைச் சாறுலயும் தண்ணியிலயும் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது, அந்த நெருக்கம்தான் கெட்டி. எண்ணெய் உறையும்போது துளிக்குள்ள ஊசி ஊசியா படிகம் வந்து அந்தச் சட்டையைக் கிழிச்சிரும், வெளிய எடுத்து இளகுனதும் துளிகள் எல்லாம் ஒண்ணாச் சேந்து எண்ணெய் தனியா வந்துரும். அப்ப மயோனைஸ் எண்ணெய்க்கு முதல் தகுதி குளிர்ல இளகியே இருக்கணும். எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு சின்ன கிளாஸ்ல ஊத்தி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலையில கலங்காம ஓடுச்சுன்னா அது ஆகும். இறுகியிருந்தாலோ அடியில வெள்ளையா நின்னாலோ மயோனைஸுக்கு வேண்டாம். இந்தச் சோதனையில பாமாயில் நேரா தோத்துரும், ரேஷன்ல 25 ரூபாய்க்கு வர்ற பாக்கெட்டைக் குளிர்காலத்துலயே பாத்திருப்பீங்க, பாதி வெண்ணெய் மாதிரி நிக்கும்.

ஆலிவ் ஆயில் எங்க தங்கச்சி கொண்டாந்து குடுத்தது, எக்ஸ்ட்ரா வர்ஜின், நல்ல விலை. அதைப் போட்டு மிக்சியில அடிச்சா கசப்பு, வேப்பங்கொழுந்து மென்ன கசப்பு. பாட்டில்ல இருந்து நக்கிப் பாத்தா அவ்வளவு கசப்பு இல்ல, அப்புறம் எப்படி? அதுல பாலிஃபீனால்னு கசக்கிற பொருள் இருக்கு, எண்ணெய்க்குள்ள இருக்கிற வரைக்கும் நாக்குல அவ்வளவா படாது, பிளேடு வேகத்துல எண்ணெய் தூள்தூளா உடையும்போது அது தண்ணிப் பக்கம் வந்துருது. அது பிடிக்கிறவங்க முக்கால் பங்கு வாசமில்லாத எண்ணெயில அடிச்சுட்டு கடைசியில இதைக் கொஞ்சமா விட்டு ஸ்பூனால கலக்கிக்கலாம், மிக்சி வேண்டாம்.

கடைசியில நின்னது ரெண்டு. ரீஃபைண்ட் சூரியகாந்தியும் தவிட்டெண்ணெயும். சூரியகாந்தியை ரீஃபைண்ட் பண்ணும்போதே குளிர வச்சு மெழுகை வடிச்சு எடுத்துருவாங்க, அதனால ஃப்ரிட்ஜ்ல தெளிவா ஓடும், வாசம் கிடையாது, மயோனைஸும் வெள்ளையா வரும். தவிட்டெண்ணெயில கொஞ்சம் மஞ்சளா வருது, ருசியில எனக்கு வித்தியாசம் தெரியல. செக்கு எண்ணெய் மட்டும்தான் எண்ணெய், ரீஃபைண்ட் எல்லாம் விஷம்னு எனக்கும் தினமும் வாட்ஸ்அப்ல வருது, நானும் செக்கு எண்ணெய் வாங்குறவதான், ஆனா இந்த ஒரு வேலைக்கு வாசமே இல்லாத எண்ணெய்தான் வேணும், அதை மறைச்சு எழுத எனக்கு மனசு வரல.

நல்லெண்ணெயை மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. எள்ளோட நெய்தான் எண்ணெய், பேரே அதுல இருந்து வந்ததுதான், அதை விட்டுட்டு ஒரு பதிவு எழுதுனா அப்பா பேசமாட்டாங்க. முழுசா நல்லெண்ணெயில செஞ்சா வாசம் தூக்கலா போய் லேசா கசக்குது. ஆனா சூரியகாந்தியில செஞ்சு முடிச்சுட்டு, கடைசியா ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு ஸ்பூன் இட்லிப் பொடி, அரை ஸ்பூன் எலுமிச்சை விட்டு கலக்கிப் பாருங்க. எங்க வீட்ல இப்ப தோசைக்கே அதுதான் தொட்டுக்க.

நான் செய்ற விதம் இதுதான். ரெண்டு முட்டையை பத்து நிமிஷம் நல்லா அவிச்சு ஆறவச்சு மிக்சி சின்ன ஜார்ல போட்டு, ஒரு பல் பூண்டு, உப்பு, கால் ஸ்பூன் கடுகுத்தூள், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மூணு ஸ்பூன் பால் விட்டு மை மாதிரி அரைச்சுக்கணும், அப்புறம் அரை கப் எண்ணெயை ஓட்டிக்கிட்டே நூல் மாதிரி விடணும், அவசரப்பட்டு மொத்தமா ஊத்துனா பிரிஞ்சுரும். மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்க, ஜார் சூடானாலும் பிரியும். பால் மட்டும் வச்சு செய்றதுன்னா காய்ச்சி ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல நல்லா ஜில்லுனு ஆன பால் ஒரு பங்கு, எண்ணெய் ரெண்டு பங்கு, எலுமிச்சை கடைசியில. பிரிஞ்சு போச்சா, கீழ ஊத்திராதீங்க, கழுவுன ஜார்ல ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணியும் கொஞ்சம் கடுகுத்தூளும் போட்டு ஓட்டிக்கிட்டே பிரிஞ்சதை ஸ்பூன் ஸ்பூனா விட்டா திரும்ப சேந்துரும். பச்சைப் பூண்டு எண்ணெயில கிடக்கிறதால வெளிய வைக்கவே கூடாது, ஃப்ரிட்ஜ்ல வச்சு மூணு நாள்ல முடிச்சிருங்க.

இந்த வேலையில மயோனைஸ் வந்துச்சோ இல்லையோ, எங்க அடுப்படியில எண்ணெய் வாங்குற விதமே மாறிப்போச்சு. முன்னாடி ஒரே எண்ணெய் அஞ்சு லிட்டர் கேன் வாங்கிப் போடுவேன். 2022ல உக்ரைன் சண்டை ஆரம்பிச்சு சூரியகாந்தி விலை எகிறி, அதே சமயம் இந்தோனேசியா ஏப்ரல் கடைசியில பாமாயில் ஏற்றுமதியை மூணு வாரத்துக்கு மேல நிறுத்துனப்ப, ஒரே எண்ணெயை நம்பியிருந்தா என்ன கஷ்டம்னு பாத்தாச்சு. ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரே எண்ணெயா இல்லாம மாத்தி மாத்திப் பயன்படுத்தத்தான் சொல்றாங்க, தேங்காய் எண்ணெயில பூரிதக் கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) நூத்துக்கு தொண்ணூறு, சூரியகாந்தியில அது ரொம்பக் கம்மி, கடலெண்ணெய் நடுவுல, ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இல்ல.

இப்ப புளிக்குழம்பு, மீன் குழம்பு, வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெய், இதுல எனக்கு மாத்துக்கருத்தே கிடையாது, புளிப்பை அடக்கி குழம்பு மேல மிதந்து நிக்கிறது வேற எந்த எண்ணெய்லயும் வராது. எள்ளுல இருக்கிற சில பொருள் எண்ணெயைக் காறல் பிடிக்காம காக்கும், ஊறுகாய்க்கு அதை ஊத்துறதுக்கு அதுவும் ஒரு காரணம். அவியல், கூட்டு, முட்டைக்கோஸ் பொரியலுக்கு தேங்காய் எண்ணெய். தினப்படி தாளிப்பு, வதக்கல், உருளைக்கிழங்கு வறுவல்னா செக்கு கடலெண்ணெய். பொரிக்கிறதுக்கு மட்டும் செக்கு எண்ணெயை நான் எடுக்கிறதில்ல. அதுல கசடு இருக்கும், வடை போட்டா நுரைச்சுக்கிட்டு பொங்கும் (அம்மா ஒரு கொட்டைப் புளியைப் போட்டு அடக்குவாங்க), கசடு கருகி ரெண்டாவது ஈடுலயே எண்ணெய் கறுத்துரும். பொரிக்க 170, 180 டிகிரி சூடு வேணும், தவிட்டெண்ணெய் 230 டிகிரி பக்கம் போனாத்தான் புகையும், அதனால பூரி, வடை, அப்பளத்துக்கு அது. ஊர்ல எண்ணெய் பரோட்டா கடைகள்ல பெரிய கல்லு நெறைய எண்ணெய் கொதிக்கிறதைப் பாத்து வளந்தவ நான், ஆனா வீட்ல சின்ன இரும்புச் சட்டியில கால் லிட்டர்தான் ஊத்துவேன், மிச்சம் வர்ற அளவுக்கு ஊத்துனாத்தானே அதை என்ன பண்றதுன்னு யோசிக்கணும். மிஞ்சுனா வடிகட்டி ரெண்டு நாள்ல தாளிக்க முடிச்சிருவேன், புது எண்ணெயோட சேக்கமாட்டேன், திரும்பப் பொரிக்கமாட்டேன். கடைகளுக்கே 2018 ஜூலைல இருந்து எண்ணெயில கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்தைத் தாண்டுனா கொட்டணும்னு விதி இருக்கு, வீட்ல அதை அளக்க நம்மகிட்ட மெஷின் இல்ல, மூக்கும் கண்ணும்தான்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் வரும், பாக்கெட்ல கிராம் எவ்வளவு போட்டிருக்குன்னு பாத்துட்டு விலையை ஒப்பிடுங்க, ஒரே உயரத்துல நிக்கிற பாக்கெட் எல்லாம் ஒரே அளவு கிடையாது. செக்கு எண்ணெய்னா, ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க ரெண்டேகால், ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேணும். அன்னைக்குப் பருப்பு விலையைக் கேட்டு அதால பெருக்குங்க, புண்ணாக்கு வித்த காசைக் கழிச்சாலும் அதைவிடக் கம்மி விலைக்கு ஒருத்தர் சுத்தமான செக்கு எண்ணெய் தர வழியே இல்ல. அப்பா கணக்கு இது. அப்புறம் கொலஸ்ட்ரால் இல்லைன்னு பெருசா எழுதியிருக்கிறதுக்கு கூடக் காசு குடுக்காதீங்க, செடியில இருந்து வர்ற எந்த எண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் இருக்காது. எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு கிட்டத்தட்ட 120 கலோரிதான், செக்குன்னா குறையாது, ஆலிவ்னா குறையாது, மயோனைஸை நாங்க வாரத்துக்கு ஒரு நாள்தான் செய்றோம், காரணம் அதுதான்.

அடுப்புக்குப் பக்கத்துல எண்ணெய் பாட்டிலை வைக்கிறதையும் விட்டுட்டேன், சூடும் வெளிச்சமும் பட்டா சீக்கிரம் சிக்கு வாடை வந்துரும். எவர்சில்வர் தூக்குல ஊத்தி அலமாரிக்குள்ள, செக்கு எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேல வாங்குறதில்ல.

தேங்காய் எண்ணெய் ஆசை மட்டும் இன்னும் விடல. நேத்து மூணு பங்கு சூரியகாந்தி, ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து பால் மயோனைஸ் செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். காலையில பாத்தேன், கொஞ்சம் இறுகியிருக்கு ஆனா ஸ்பூன் இறங்குது, ஓரத்துல எண்ணெய் இன்னும் நிக்கல. நாளைக்கும் அப்படியே இருந்தா அளவு எல்லாம் எழுதிப் போடுறேன்.