அளவு மாறாமல் இருந்தாலே சந்தோஷம்

முதுகுவலி என்று வருகிற இளைஞர்களிடம் பிசியோதெரபிஸ்டான நான் முதலில் கேட்பது ராத்திரித் தூக்கத்தைப் பற்றித்தான். பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகிக் கிடக்கிறது, நடமாட ஆரம்பித்தால் மெல்ல மெல்ல விடுகிறது என்று சொன்னால் மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலிக்குப் பின்னால் பெரும்பாலும் அழற்சி இருக்கும். முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் மெல்ல இறுகிப்போகும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் அந்த வகைதான். அதுவரை பலரும் "நல்லா ரெஸ்ட் எடு" என்ற அறிவுரையைக் கேட்டுக்கேட்டே இறுகிப்போயிருப்பார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எலும்பு முறிந்து வருகிறவரை ஒரு நாள் "இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிடலாம். இவர்களோடு பழக்கம் வருஷக்கணக்கில் தொடரும். வரும்போதெல்லாம் அளப்பேன். குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டி நிற்கும்போது பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா? அப்புறம் இடுப்புக் குழிகளுக்கு நேரே முதுகில் ஒரு புள்ளி, அதிலிருந்து 10 செ.மீ. மேலே ஒன்று, 5 செ.மீ. கீழே ஒன்று. முழங்கால் மடங்காமல் குனியும்போது மேலும் கீழுமுள்ள புள்ளிகளுக்கு இடையிலான 15 செ.மீ., 20-ஐயாவது எட்ட வேண்டும். விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகளும் இறுகும் என்பதால், மூச்சை இழுக்கும்போது மார்பு எவ்வளவு விரிகிறது என்றும் டேப் வைத்துப் பார்ப்பேன்.

வருஷம் கழித்தும் அதே எண்தான் வருகிறது என்றால் வந்தவர் முகம் வாடிவிடும். "இவ்வளவு செஞ்சும் ஒண்ணும் கூடலையே சார்?" எனக்கோ மனசு நிறைந்திருக்கும். சும்மா விட்டிருந்தால் குறைந்திருக்கக்கூடிய அளவு அது. தினமும் கால் மணி நேரம் குப்புறப் படுத்ததும், மூச்சுப் பயிற்சியும், நீச்சலும் பிடித்து நிறுத்திய எண். இதைப் புரியவைப்பதுதான் என் வேலையில் பாதி.

கை, கால் மூட்டுகள் அழற்சியால் வீங்கும் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) கவனம் வேறு. மூட்டு சூடாகி வீங்கியிருக்கும் நாட்களில் பளு வேண்டாம். மூட்டை மெதுவாக மடக்கி நீட்டி, அசைக்காமலே தசையை இறுக்கித் தளர்த்தினால் போதும். பயிற்சிக்குப் பிறகு கூடிய வலி இரண்டு மணி நேரம் தாண்டியும் நின்றால் அடுத்த முறை அளவைக் குறைக்கச் சொல்வேன். நோய் நாள்பட்டவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம். அதனால் கழுத்தைச் சொடுக்குவது, இழுப்பது எதற்கும் யாரிடமும் போகாதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன்.

மற்ற நாட்களில் பயப்பட வேண்டியதில்லை. எல்லோருக்கும் சொல்லப்படும் உடற்பயிற்சி அளவே அழற்சி மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் பாதுகாப்பானது, பலன் தருவது என்று யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2018-இல் பரிந்துரைத்தது.

புதிய ஊசி மருந்துகள் வந்தபின் "அதான் வலி இல்லையே, பயிற்சி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். ஊசி அழற்சியை அடக்கும். மெலிந்துபோன தொடைத் தசையை அது வளர்த்துத் தராது. வலி அடங்கியிருக்கும் அந்த மாதங்களில்தான் தசையை ஏற்ற முடியும். அதனால் ஊசி வேலை செய்ய ஆரம்பித்ததும், பயிற்சிக்கு வரும் நேரத்தைக் குறைக்காமல், பளுவை ஒரு படி கூட்டி எழுதிக் கொடுக்கிறேன்.