பலெர்மோவில் நான்கு நாள்

அக்டோபர் 12, வியாழன்

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிறது பலெர்மோ. காலையிலேயே இங்குள்ள பல்லரோ சந்தைக்குப் போய்விட்டேன். தெருவுக்குள் நுழையும் முன்பே சத்தம் கேட்டது. வியாபாரிகள் ராகம் போட்டு நீட்டி நீட்டிக் கூவுகிறார்கள், இதற்கு இங்கே 'அப்பன்னியாத்தா' என்று பெயர். சப்பாத்திக்கள்ளிப் பழம் குவியல் குவியலாகக் கிடக்கிறது, பக்கத்திலேயே ஆலிவ், உப்பில் போட்ட மீன். பசிக்குப் பனெல்லே வாங்கினேன். கடலை மாவு என்றதும் பஜ்ஜி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் மாவைக் களி போலக் கிண்டி ஆறவைத்து, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் அவ்வளவு ருசி.

அக்டோபர் 13, வெள்ளி

அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம். வடக்குப் பிரான்சிலிருந்து வந்த நார்மன் வம்சத்து அரசர் இரண்டாம் ரோஜர் கட்டியது, 1140இல் வழிபாட்டுக்கு அர்ச்சிப்பு. சுவரெல்லாம் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் பாணியில் தங்க மொசைக், கிறிஸ்துவும் புனிதர்களும். அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு போலத் தொங்கும் அரபுப் பாணி மரக்கூரை, அதில் வாத்தியம் வாசிப்பவர்களும் கோப்பை ஏந்தியவர்களும். முஸ்லிம்களிடமிருந்து ஊரைப் பிடித்த வம்சத்தின் அரசர், அவர்கள் கலையைத் தன் கோயிலின் உச்சியில் வைத்திருக்கிறார் என்பதை நினைத்தபடி கழுத்து வலிக்கும்வரை நின்றேன்.

அக்டோபர் 14, சனி

காப்போ சந்தை. காய்கறிக் கடைகளுக்கு நடுவே ஒரு சாதாரண வாசல், உள்ளே போனால் இம்மாகொலாத்தா தேவாலயம், சுவர் முழுக்க வண்ணச் சலவைக்கல் பதித்த வேலைப்பாடு. மீன் வாடை இன்னும் மூக்கில் இருக்கும்போதே அதைப் பார்ப்பது தனி அனுபவம். அப்புறம் கதீட்ரல். தெற்கு முகப்புத் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது, யாரும் அதை அழிக்கவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று சந்தை வேண்டாம் என்று பெல்லெக்ரினோ மலை ஏறினேன். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது இந்த ஊரின் காவல் புனிதையான ரோசலியாவின் எலும்புகள் இங்கே கிடைத்தன, மறு வருடம் அவற்றை ஊர்வலமாக எடுத்து வந்த பிறகு நோய் தணிந்தது என்று ஊரார் நம்புகிறார்கள். வழியெல்லாம் தமிழ்க் குரல்கள்! பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சைவர்களும் இந்த மலைக்கு வருகிறார்கள் என்று முன்பே கேட்டிருந்தேன், நேரில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு அம்மா செருப்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். "மகனுக்குச் சுகமில்லாமல் இருக்கேக்க நேர்த்தி வைச்சனான் தம்பி, இப்ப நல்லாயிட்டான்" என்றார். மேலே ரோசலியாவின் கோயிலே ஒரு குகைதான். பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரத் தகடுகள் ஏந்திக்கொள்கின்றன. அவர் மெழுகுவர்த்தி ஏற்றினார், என்னிடமும் ஒன்று தந்தார்.