யாரு மேட்ச் பண்ணது?

கோர்ட்டுக்கு எதுத்தாப்ல பருத்திப்பால் கடை. கோட்டைக் கழட்டி பைக் டேங்க் மேல போட்டுட்டு ஒரு ஜூனியர் வக்கீல், "கைரேகை மேட்ச் ஆயிருச்சுண்ணே, இனி என்ன பேச்சு"ன்றாப்ல.

சீனியர் டம்ளர் அடியில கெடந்த தேங்காத்துருவல விரலால வழிச்சுக்கிட்டே, "யாருய்யா மேட்ச் பண்ணது?"ன்னாரு.

சரியான கேள்வி.

2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புல, பையில கெடச்ச ரேகை அமெரிக்க வக்கீல் பிராண்டன் மேஃபீல்டோடதுன்னு எஃப்பிஐ அடிச்சுச் சொல்லி ரெண்டு வாரம் உள்ள வச்சாங்க, கடைசில பாத்தா அது ஒரு அல்ஜீரியாக்காரனோடதுன்னு ஸ்பெயின் போலீஸ் சொல்லிருச்சு.

இதுல கொடுமை, சரிபாத்தவங்களுக்கு மொத ஆளு சொன்ன முடிவு முன்னாடியே தெரியும். அது சரிபார்ப்பா, ஜால்ராவா?

நம்மூர்லயும் தடயவியல் லேபுக்குப் பொருள் போறப்ப கேஸ் சுருக்கமும் கூடவே போகுது. "இவந்தான் சார்"னு படிச்சிட்டு உக்காந்தா கண்ணு எங்க நடுநிலையா பாக்கும்?

அந்தச் சுருக்கத்த மறச்சு, ரேகைய மட்டும் இன்னொருத்தர்ட்ட சரிபாக்கக் குடுக்க என்ன பெரிய செலவாயிரப் போவுது?