ஒளிரும் மவுஸ்பேட் வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தவை

என் மேசை 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்டது. அதன்மேல் விரிக்க, விளிம்பைச் சுற்றி ஒளிரும் பெரிய மவுஸ்பேட் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தபோது முதலில் நிறங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடும்போது என் கை எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து பார்த்த பிறகே, நீள அகலத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பது புரிந்தது.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை நான் 800 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது பதிவாகும் அசைவுகளின் எண்ணிக்கை), சென்சிடிவிட்டி 1 (அந்த அசைவுக்கு ஆட்டத்தில் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) என்ற அமைப்பில் ஆடுகிறேன். இந்த அமைப்பில் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறத்தாழ 52 செ.மீ. நகர்த்த வேண்டும், பின்னால் காலடியோசை கேட்டு அப்படியே திரும்புவதற்கு அதில் பாதி, 26 செ.மீ., வேண்டும். என்னிடம் இருந்த பழைய பேட்டின் மொத்த அகலமே 25 செ.மீ.தான் என்பதால், பாதி திரும்பும்போதே மவுஸைத் தூக்கி மறுபடி வைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியில் எத்தனையோ முறை சுடப்பட்டிருக்கிறேன்.

பெரிய பேட் என்று விற்கப்படுபவையும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஸ்டீல்சீரிஸ் கியூசிகே பிரிசம் எக்ஸ்எல் 900×300 மி.மீ.; கோர்சேர் எம்எம்700 930×400 மி.மீ. வலப்பக்கம் நம்பர் பேட் (எண் விசைகளின் தொகுதி) உள்ள முழுக் கீபோர்டு ஏறத்தாழ 44 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்வதால், 90 செ.மீ. பேட்டிலும் மவுஸுக்கு 46 செ.மீ.தான் மிஞ்சும். நம்பர் பேட் இல்லாத 36 செ.மீ. கீபோர்டை வைத்தால் 54 செ.மீ. கிடைக்கும், நடுவில் இருந்து இரு பக்கமும் 27 செ.மீ. என் கணக்குக்கு இதுவே பொருந்தியது. 40 செ.மீ. அகலத்தை விரித்த பிறகும் மானிட்டர் நிற்க 20 செ.மீ. மிச்சமிருந்தது.

அடுத்து ஒளி. பெரும்பாலானவற்றில் துணி ஒளிர்வதில்லை. மேல் விளிம்பில் உள்ள சிறு பெட்டிக்குள் இருக்கும் எல்இடிகளின் வெளிச்சத்தை, விளிம்பைச் சுற்றி ஓடும் ஒளிபுகும் குழாய் கடத்திச் செல்கிறது. அதனால் பெட்டியிலிருந்து விலகிய இடங்களில் வெளிச்சம் மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முன்விளிம்பில் அந்தக் குழாய் மேடாக இருந்தால் முன்கையில் உறுத்தும். மணிக்கணக்கில் கை அங்கேயே படிந்திருப்பதால் இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

நான் முதலில் வாங்கிய ஒளிரும் பேட், கணினியைத் திறக்கும்போதெல்லாம் நான் வைத்த நிறத்தை மறந்து வானவில் ஓட்டத்துக்குத் திரும்பிவிடும். கணினியை அணைத்த பிறகும் யூஎஸ்பி வழியாக மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் விடியும்வரை எரிந்துகொண்டே இருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், அணைத்த பிறகு வரும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈஆர்பி என்ற அமைப்பை இயக்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் நிறத்தை நினைவில் வைக்காத பேட்டை, தம்பி உறங்கும் அறையில் வைத்திருக்க எனக்கு மனமில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது இருப்பது 90×40 செ.மீ., 4 மி.மீ. தடிமன், வெளிச்சத்தின் அளவையும் நிறத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. சென்னையின் புழுக்கத்தில் துணி வியர்வையை உறிஞ்சி, மவுஸ் இழுபடத் தொடங்கிவிடுகிறது. மின்பெட்டி இருப்பதால் பேட்டை நீரில் ஊறவைக்கவும் முடியாது. எனவே யூஎஸ்பி கம்பியைக் கழற்றிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் வாரம் ஒருமுறை துடைத்து, மின்விசிறியின் கீழ் முழுதாக உலர வைக்கிறேன். இரவில் மிகக் குறைந்த அளவில் இளஞ்சிவப்பு ஒளியை வைத்துக்கொண்டால் கீபோர்டின் முதல் வரிசை தெரிகிறது. தம்பியின் கட்டில்வரை அந்த வெளிச்சம் எட்டுவதில்லை.