பெயரில்லாத நகரம்

"உங்கள் நாட்டிலேயே வேறொரு நகரில் நீங்கள் பாதுகாப்பாக வாழலாம்" என்ற வரியை, புகலிட மனுவை நிராகரித்த கடிதத்திலிருந்து இன்று ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன்.

மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

"எந்த நகரம்?" என்றார். கடிதத்தில் பெயர் இல்லை.

அந்த இடத்தைக் குறிப்பிட்டுக் காட்டும் பொறுப்பு, மாற்றிடம் உண்டென்று வாதிடுபவரையே சேரும் என்று ஐ.நா. அகதிகள் முகமை 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அங்கே செல்லும் வழி பாதுகாப்பானதாகவும் சட்டப்படி திறந்ததாகவும் இருக்க வேண்டும். சென்றபின் உயிர் தப்பினால் மட்டும் போதாது, மிகையான இன்னலின்றி வாழவும் முடிய வேண்டும். துன்புறுத்துவது அரசே என்றால், அதன் கை எட்டாத ஊர் நாட்டுக்குள் எங்கே இருக்கும்? (வரைபடத்தில் எல்லா ஊர்களும் அமைதியாகத்தான் தெரிகின்றன.)

நான் கடிதத்தை மடிப்பதற்குள், வழியிலுள்ள சோதனைச் சாவடிகளை அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார்.