ஃபுல்பிரைட் கிடைத்துவிட்டது, துறை அனுமதி கிடைக்க வேண்டுமே!

அமெரிக்க அரசு ஆசிரியர்களுக்காக நடத்தும் ஃபுல்பிரைட் டிஇஏ (TEA) திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களை ஆறு வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அழைத்துப்போய், பக்கத்துப் பள்ளியிலும் உட்காரவைக்கும் திட்டம். விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் அவர்கள் செலவு. கட்டுரை, நேர்காணல், டோஃபல் ஆங்கிலத் தேர்வு எதிலும் எனக்குச் சிக்கல் வரவில்லை. சிக்கல் எல்லாம் தேர்வான பிறகு, நம் பள்ளிக் கல்வித் துறைக்குள்தான். ஆகவே இது அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும்.

பாஸ்போர்ட் எடுக்கத் துறையிடம் சொல்வது ஒன்று. வெளிநாடு போக அனுமதி வாங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. எங்கள் மாவட்ட அலுவலகத்தில் என் கோப்பைப் பார்த்த உதவியாளருக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை. தலைமையாசிரியர் பரிந்துரையோடு நான் கொடுத்த பயண அனுமதி விண்ணப்பத்தில், ‘இவருக்கு ஏற்கெனவே தடையின்மைச் சான்று வழங்கப்பட்டுள்ளது’ என்று குறிப்பு எழுதி, கோப்பையே முடித்துவைத்துவிட்டார். அந்தச் சான்று (என்ஓசி) பாஸ்போர்ட்டுக்காக முன்பு கொடுத்தது! சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த கடிதம் அவருடைய அலமாரியைத் தாண்டவே இல்லை. நேரில் போய்க் கேட்டபோது, “அதான் என்ஓசி கொடுத்தாச்சே டீச்சர், மறுபடி எதுக்கு?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

இன்னொரு விஷயம். பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சான்றுகூடக் கட்டாயமில்லை. ‘அனெக்ஸர் எச்’ படிவத்தில் அலுவலகத்துக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போகலாம். நம் அலுவலகங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ‘எதற்கு வம்பு’ என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சரி, கோப்பு மறுபடி திறந்தது. அப்புறம் கேள்விகள். ஸ்காலர்ஷிப் என்றால் மாணவர்களுக்குத்தானே? அரசுக்குச் செலவு உண்டா? எந்த விடுப்பில் போகிறீர்கள்? செலவை யார் ஏற்கிறார்கள் என்று என் கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே எழுதியிருந்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கு இறங்கி, என் பதில் அதே படிகளில் மறுபடி ஏற வேண்டும். முறையான வழி என்றால் அதுதான். நடுவில் ஒருவர் விடுப்பில் போனால் கோப்பும் விடுப்பில்.

இந்தக் கேள்விகள் வராமல் முதலிலேயே தடுத்துவிடலாம். அரசுக்குச் செலவில்லை என்ற உறுதிமொழி, 17(ஏ), 17(பி) ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற சான்று, நிலுவைத் தொகை இல்லை என்ற சான்று, தேர்வுக் கடிதமும் அதன் தமிழாக்கமும், நீங்கள் இல்லாத நாட்களில் வகுப்பை யார் பார்ப்பார் என்று தலைமையாசிரியர் தரும் கடிதம். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மேலிடத்துக்கு முன்நகல் அனுப்புங்கள். எந்த மேசையிலும் ந.க.எண் (கோப்பின் பதிவு எண்) வாங்காமல் எழுந்து வராதீர்கள். எண் இல்லாத விசாரணைக்கு “பார்க்கிறோம்” என்பதுதான் பதில்.

கடைசியில் என் கோப்பை நகர்த்தியது இந்தச் சான்றுகள் எதுவும் இல்லை. வேறொரு மாவட்டத்திலிருந்து இதேபோல் போய்வந்த ஆசிரியர் ஒருவரின் அனுமதி ஆணை வாட்ஸ்அப்பில் கிடைத்தது. அதை அச்செடுத்துக் கண்காணிப்பாளர் முன்னால் வைத்தேன். ஒரு முறை படித்தார். “இதை முதல்லயே கொடுத்திருக்கலாமேம்மா” என்றார். அதே வாசகங்களில், பெயரும் தேதியும் மட்டும் மாறி, குறிப்பு தயாரானது. அங்கே விதியைவிட முன்னுதாரணத்துக்கு மதிப்பு அதிகம். விண்ணப்பிக்கும் நாளிலேயே முன்பு போய்வந்தவர் யாரென்று விசாரித்து, அவருடைய ஆணையின் நகலை வாங்கிவிடுங்கள்.

அடுத்து, பெயர். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு! என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. படிவம் நிரப்பிய கணினி மையத்துக்காரர் “அதெல்லாம் தேவையில்லை” என்று விட்டுவிட்டார். விளைவு, அமெரிக்க விசாவில் என் ஒரே பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போனது. முதல்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது முதல்பெயர் தெரியவில்லை. பல்கலைக்கழக அடையாள அட்டையிலும் அதுவே வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ‘மிஸ் ஃப்னூ’ என்று கூப்பிட்டபோது நானும் திரும்பிப் பார்த்தேன், வேறு என்ன செய்வது? அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப்பெயராகப் போட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டோஃபலுக்கும் அதே எழுத்துக்கூட்டலில் பதியுங்கள். விசாவுக்காகத் திட்டத்தார் அனுப்பும் டிஎஸ்-2019 படிவம் வந்ததும் முதலில் பெயரைச் சரிபாருங்கள்.

விசா நேர்காணல் சென்னையில் சில நிமிடங்களில் முடிந்தது. அமெரிக்க அரசின் நிதியில் போகும் ஜே-1 (பரிமாற்றத் திட்ட) விசாவுக்கு விசாக் கட்டணமும் கிடையாது, செவிஸ் என்ற பதிவுக் கட்டணமும் கிடையாது. ‘நான் கட்டித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள், என்னிடமும் கேட்டார்கள். இப்படி அரசு நிதியில் ஜே-1இல் போய்த் திரும்பியவர் சொந்த நாட்டில் 2 ஆண்டு இருந்தால்தான் எச் அல்லது எல் வகை வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ போக முடியும் என்ற நிபந்தனையும் உண்டு. பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள், பின்னால் போய்க் குடியேறும் எண்ணம் உள்ளவர்கள் இதை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகையையும் பார்க்கலாம். 5 ஆண்டு பணி அனுபவம் கேட்பார்கள், ஒன்றரை ஆண்டு வரை அங்கே இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கே இந்தப் பாடு என்றால் ஒன்றரை ஆண்டு விடுப்புக்கு எத்தனை மேசை ஏற வேண்டுமோ, இன்றே தொடங்குங்கள்.

நான் திரும்பி வந்து பணியில் சேர்ந்து, அறிக்கையும் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஆறு வாரத்தைப் பணிக்காலமாக முறைப்படுத்தும் ஆணை இன்னும் வரவில்லை. அப்படியொரு ஆணையின் நகல் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள், கண்காணிப்பாளர் கேட்கிறார்.