அப்பா கேட்ட கேள்வி

"மூளையில் புதுசா நரம்பணு உண்டாகுமாமே, எனக்கும் உண்டாகுமா?" பார்க்கின்சன் வந்ததிலிருந்து அப்பாவின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. வரியின் முதல் சொல்லை வாசித்துவிடலாம். கடைசிச் சொல்லுக்குக் கண்ணாடி வேண்டும். அவர் கேட்டால் நான் தேடாமல் இருக்க முடியுமா?

வளர்ந்த மனிதர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் புது நரம்பணுக்கள் பிறப்பதை எரிக்சன், கேஜ் என்ற ஆய்வாளர்களின் குழு 1998இல் காட்டியது. 2018இல் ஓர் ஆய்வு பெரியவர்களிடம் அவை தென்படவே இல்லை என்றது. இன்னொன்று முதுமையிலும் உண்டு என்றது. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஹிப்போகாம்பஸ் நினைவாற்றலோடு தொடர்புள்ள பகுதி. அப்பாவுக்கு அழிவது நடுமூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்தில், அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள். அங்கே அவை தானாகத் திரும்பப் பிறப்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சொன்னேன்.

அப்புறம் நான் நம்பும் விஷயத்தையும் சொன்னேன்: அந்த அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து மூளைக்குள் வைப்பது. 2025இல் இரண்டு சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. கியோட்டோவில் 7 பேருக்கு, ஆரோக்கியமான ஒருவரின் ஐபிஎஸ் அணுக்களிலிருந்து, அதாவது சாதாரண உடலணுக்களைக் குருத்தணு நிலைக்குத் திருப்பியவற்றிலிருந்து, வளர்த்தவை. வட அமெரிக்காவில் 12 பேருக்கு, கருக் குருத்தணுக்களிலிருந்து வளர்த்தவை. வைத்த அணுக்கள் பிழைத்திருப்பதற்கான அடையாளம் ஸ்கேனில் தெரிந்தது. கட்டி எதுவும் உண்டாகவில்லை. சிலருக்கு அசைவும் மேம்பட்டது. சின்னச் சோதனைகள்தான், பாதுகாப்பைப் பார்ப்பதே முதல் நோக்கம். இருந்தாலும் எனக்கு இது பெரிய செய்தி.

"மண்டையைத் திறக்கணுமா?" என்றார் அப்பா. சிறு துளை போட்டு, ஊசி வழியாக, டோபமைன் போய்ச் சேர வேண்டிய புட்டாமென் என்ற மூளைப் பகுதியில் வைப்பார்கள் என்றேன்.